மரத்தளத்தின் மேல் டைல்: குளியலறையைத் தயார் செய்யும் முறை

கனடாவிலும் அமெரிக்காவிலும் தனி வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் எழுப்பப்படுபவை. சுவருக்குச் சுவர், பொதுவாக 16 அங்குல இடைவெளியில், உத்திரங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் பிளைவுட்டோ, மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகையோ அறைந்திருக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மட்டுமல்ல, மாடிக் குளியலறைக்கும் அதுவே தரை. பிரிட்டனின் பழைய வரிசை வீடுகளில் பிளைவுட்டுக்குப் பதிலாக நீள நீளமான தனிப்பலகைகள் கிடக்கும். ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ கிழக்கு லண்டனிலோ வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம் குளியலறையைப் புதுப்பிக்க நினைத்தால், டைல் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது இந்தத் தளத்தைத்தான். ஊரில் கான்கிரீட்டின் மேல் சிமெண்டுக் கலவை போட்டு டைல் பதித்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும்.

மரம் அசையும். அந்த அசைவு இரண்டு வழிகளில் வருகிறது. காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சி உப்புகிறது. ஈரம் குறைந்தால் சுருங்குகிறது. நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் இடைவிடாமல் ஓடி வீட்டுக்காற்று வறண்டுவிடும், கோடையில் புழுங்கும். ஆகவே தனிப்பலகைத் தரை ஆண்டுதோறும் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். பிளைவுட்டில் மெல்லிய மரத்தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே நார் ஓடும்படி அடுக்கி ஒட்டப்பட்டிருப்பதால், ஒரு தகடு விரியப் பார்த்தால் அடுத்த தகடு அதைப் பிடித்து நிறுத்துகிறது. டைலுக்கு அடியில் தனிப்பலகையைவிட பிளைவுட் மேலானது என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது அசைவு பாரத்தால் வருவது. ஆள் நடக்கும்போது உத்திரம் சற்றே தொய்ந்து மீள்கிறது. இரண்டு உத்திரங்களுக்கு இடையே பலகையும் தனியாகத் தொய்கிறது. வெறும் மரத்தரையில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பீங்கான் டைலோ அழுத்தத்தைத் தாங்குமே தவிர வளைவைத் தாங்காது. முதலில் டைல்களுக்கு இடையிலுள்ள கிரவுட்டில் மயிரிழை வெடிப்பு தெரியும். பிறகு தட்டினால் உள்ளீடற்ற ஒலி எழும். கடைசியில் டைலே விட்டுப்போகும் அல்லது உடையும். இப்படி வந்த வெடிப்பை எத்தனை முறை கிரவுட் போட்டு அடைத்தாலும் அது திரும்பவும் வரும், ஏனென்றால் கோளாறு கீழே இருக்கிறது.

வேலை தொடங்குவது கழற்றுவதில். கம்மோடு, கைகழுவும் தொட்டியின் பெட்டி, சுவரடிப் பட்டை, பழைய வினைல் விரிப்பு எல்லாம் வெளியே போக வேண்டும். கம்மோடை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றி டைலை வெட்டிப் பொருத்துவது உண்டு. அதைச் செய்யவே கூடாது. குளியலறைத் தரையில் மரம் உளுத்துப்போகும் இடங்களில் முதன்மையானது கம்மோடின் அடிதான். அங்கே குழாயின் வாயில் பொருத்திய வளையத்துக்கும் கம்மோடுக்கும் இடையே ஒரு மெழுகு வளையம் நீரைத் தடுத்து நிற்கிறது. அது நசுங்கி இடம் விட்டால், ஒவ்வொரு முறை தண்ணீர் இழுத்துவிடும்போதும் கொஞ்சம் கசிந்து பலகையில் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கம்மோடைத் தூக்கிய பிறகு கூரான குத்தூசியால் பலகையைச் சுற்றிலும் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியை முனையிலேயே நிறுத்திவிடும். உளுத்த மரத்தில் அது எளிதாக இறங்கும். வெளியே இழுக்கும்போது கறுத்த, ஈரமான நார் ஒட்டிக்கொண்டு வரும். குளியல் தொட்டியின் ஓரத்திலும் இதே சோதனை தேவை. கறுத்த பகுதியை மேலோட்டமாகச் சுரண்டிப் பூசி மறைப்பதில் பயனில்லை. ஊசி நிற்கும் நல்ல மரம் வரை வெட்டியெடுத்து, வெட்டின் ஓரங்கள் உத்திரத்தின் மேலோ புதிதாக அடித்த குறுக்குக்கட்டையின் மேலோ உட்காரும்படி புதுத்துண்டு பொருத்த வேண்டும். அதற்கு முன், கசிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்து அடைத்துவிட வேண்டும்.

பழைய வீடுகளில் ஓர் எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீட்டின் வினைல் டைலிலும், விரிப்பின் அடித்தாளிலும், அவற்றை ஒட்டிய கரிய பசையிலும் கல்நார் இருக்கக்கூடும். ஒன்பது அங்குலச் சதுர டைல் கண்ணில் பட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பிரிட்டன் கல்நாரை 1999இல் தடை செய்தது, கனடா 2018இல்தான் தடை செய்தது. கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை அது பெரும்பாலும் ஆபத்தில்லை. தேய்த்துத் தூளாக்கினால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். ஆய்வகத்தில் ஒரு துண்டைக் கொடுத்துச் சோதிக்காமல் அத்தகைய தரையில் சாணைக்கருவியை வைக்கக் கூடாது.

அடுத்தது உத்திரங்கள். தளத்தின் அடியை நிலவறையிலிருந்து பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பலகையின் ஒரு பகுதியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பூச்சியோ பூஞ்சையோ செய்த சேதத்தைவிட முந்தைய பிளம்பர் செய்த சேதம்தான் பல வீடுகளில் பெரிதாக இருக்கும். அமெரிக்கக் கட்டட விதிப்படி, உத்திரத்தின் ஓரத்தில் வெட்டும் காடி அதன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நீளத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் காடியே கூடாது. துளையென்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மேல், கீழ் ஓரங்களிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். '2க்கு 10' என்று விற்கும் உத்திரத்தின் உண்மையான உயரம் 9¼ அங்குலம். அதில் துளையின் உச்சவரம்பு 3 அங்குலத்துக்குச் சற்று மேல். கம்மோடின் 3 அங்குலக் கழிவுக்குழாய்க்கு வெளிவிட்டம் 3½ அங்குலம். ஆக, அந்தக் குழாயை உத்திரத்தின் குறுக்கே சட்டப்படி கொண்டுபோகவே முடியாது. கம்மோடை இடம் மாற்றியவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் உத்திரத்தின் பாதியை அறுத்துவிட்டுப் போயிருப்பதைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அப்படி அறுபட்ட உத்திரத்தின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த டைல் போட்டாலும் வீண்.

தளம் எவ்வளவு தொய்யலாம் என்பதற்கு வட அமெரிக்கத் தொழிலில் ஓர் அளவுகோல் உண்டு. பீங்கான் டைலுக்கு, உத்திரம் தாங்கலின்றி நிற்கும் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தொய்வு கூடாது. பளிங்கு போன்ற இயற்கைக் கல்லுக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: 720இல் ஒரு பங்கு. பன்னிரண்டு அடி உத்திரத்தில் முதலாவது கணக்குக்கு 10 மி.மீ., இரண்டாவதற்கு 5 மி.மீ. வருகிறது. இது பொறியியல் கணக்கு. உத்திரத்தின் மரவகை, உயரம், இடைவெளி, நீளம் தெரிந்தால் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தோராயமாக அறிய எளிய வழி ஒன்றுண்டு. தரையின் நடுவில் கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை நீர் வைத்து, ஒருவர் அருகே குதிகாலை ஊன்றி நடந்து பார்க்கலாம். நீர் லேசாகச் சிலிர்த்தால் பெரிய கவலையில்லை. தளும்பிச் சிந்தினால் அந்தத் தளம் டைலுக்குத் தயாரில்லை.

தொய்வைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றின் பலனும் ஒன்றல்ல. பழைய உத்திரத்தோடு அதே உயரமுள்ள புது மரத்தைப் பசை தடவிப் போல்ட் போட்டு இணைத்தால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். உத்திரங்களுக்கு இடையே குறுக்குக்கட்டை அடித்தால் அவை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும், ஒன்றின் பாரம் பக்கத்து உத்திரத்துக்கும் பகிரப்படும். ஆனால் தொய்வு அதனால் பெரிதாகக் குறையாது. கீழே இடமிருந்தால் நடுவில் ஒரு விட்டத்தைத் தூண்களில் ஏற்றித் தாங்குவதே ஆகச் சிறந்தது. பரவலான பாரத்தின் கீழ் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது; நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நிலவறையில் ஒரு தூண் இடைஞ்சலாகத் தோன்றினாலும், அதற்கு நேர்மேலே உள்ள குளியலறைக்கு அது செய்யும் நன்மையை வேறெதுவும் செய்யாது.

உத்திரம் சரியான பிறகு பலகை. பழைய வீடுகளில் கிடக்கும் ஐந்தெட்டாம் அங்குல (16 மி.மீ.) ஒற்றைப் பலகை டைலுக்குப் போதாது. முக்கால் அங்குல பிளைவுட்டோ ஓ.எஸ்.பி.யோ, ஓரங்கள் காடியும் நாக்குமாகப் பொருந்துவது, அடிப்படையாக இருக்க வேண்டும். அதன் மேல் அரை அங்குல பிளைவுட் இரண்டாம் அடுக்காக ஏறினால் உத்திரங்களுக்கு இடையிலான தொய்வு வெகுவாகக் குறையும். இரண்டாம் அடுக்கின் மூட்டுகள் முதல் அடுக்கின் மூட்டுகளுக்கு நேர்மேலே வராதபடி தள்ளிப் போட வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் அரைக்கால் அங்குலமும் (3 மி.மீ.) சுவரோரத்தில் கால் அங்குலமும் இடைவெளி விடுவது அவசியம். நெருக்கி அடித்தால், ஈரக்காலத்தில் உப்பும் பலகைக்குப் போக இடமில்லாமல் மூட்டு மேலெழும்பி டைலைப் பிளந்துவிடும்.

இந்த இரண்டாம் அடுக்கை முதல் அடுக்கோடு மட்டும் திருகினால் போதும். திருகாணி உத்திரத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. உத்திரத்தின் அசைவு நேராக மேலே ஏறாமலிருக்கவே இந்த ஏற்பாடு. முதல் அடுக்குக்கு நேர்மாறான விதி: அது ஒவ்வொரு உத்திரத்தோடும் இறுகப் பிணைந்திருக்க வேண்டும். நடக்கும்போது கிறீச்சிடும் இடமெல்லாம் ஆணி தளர்ந்த இடம். அங்கே ஆணியைத் திரும்ப அடிப்பதைவிடத் திருகாணி போட்டு இறுக்குவதே நிலைக்கும். ஜிப்சம் பலகைக்கு விற்கும் கரிய திருகாணிகளை இங்கே பயன்படுத்தக் கூடாது. அவை கடினமானவை, ஆனால் பக்கவாட்டு அசைவில் தலை முறிந்துபோகும்.

பிரிட்டனின் தனிப்பலகைத் தரையில் முதலில் எல்லாப் பலகைகளையும் உத்திரத்தோடு திருகி இறுக்கி, அதன் மேல் 15 மி.மீ.க்குக் குறையாத, வெளிப்புறப் பயன்பாட்டுத் தரமுள்ள பிளைவுட்டைப் போடுவது நெடுங்காலமாக உள்ள வழக்கம். உயரம் கூடினால் கதவு இடிக்கும் என்றால், பலகைகளையே பெயர்த்துவிட்டு உத்திரத்தின் மேல் நேராகப் பருமனான பிளைவுட்டைப் போடலாம். அங்கு புதிய வீடுகளில் காணும் மரத்தூள் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று: நீர் பட்டு உப்பினால் அது காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. குளியலறைத் தரையில் அது உப்பியிருந்தால் எடுத்தெறிவது ஒன்றே வழி.

மேடு பள்ளம் பார்ப்பது அடுத்த கட்டம். தரை மட்டமாக இருப்பது வேறு, தட்டையாக இருப்பது வேறு. ஓரமாய்ச் சற்றே சரிந்த தரையிலும் டைல் நன்றாக உட்காரும். மேடும் பள்ளமுமான தரையில் உட்காராது. நீண்ட மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்து அடியில் ஒளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்கத் தரத்தின்படி, 15 அங்குலத்துக்குச் சிறிய டைலுக்குப் பத்தடியில் கால் அங்குல வேறுபாடு வரை ஏற்கலாம். ஏதேனும் ஒரு பக்கம் 15 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டைலுக்கு அதில் பாதிதான். இன்று எல்லோரும் விரும்பும் இரண்டடி டைல்கள் தரையின் குறையை மன்னிப்பதில்லை. ஒரு டைலின் மூலை பக்கத்து டைலைவிட உயர்ந்து நின்று வெறுங்காலில் இடறும்.

மேட்டை இழைத்துவிடலாம். சின்னப் பள்ளத்தைச் சிமெண்டு நிரப்பியால் கரண்டிகொண்டு தேய்த்து நிரப்பலாம். தரை முழுவதும் அலையாய்க் கிடந்தால் தானாகப் பரவும் சமன்கலவையை ஊற்றுவது வழக்கம். மரத்தின் மேல் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்: கலவை நீர்த்தது, சிறு ஓட்டையிலும் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும். எல்லா இடுக்கையும் அடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரைப் பூசி, வெடிக்காமலிருக்க வலையும் பதித்த பிறகே ஊற்ற வேண்டும். பலகையை எப்படியும் பெயர்க்கப் போகிறோம் என்றால், உத்திரத்தின் மேலேயே சன்னமான மரப்பட்டைகளை வைத்துச் சமன் செய்துவிடுவது சுத்தமான வேலை.

இனி டைலுக்கு நேர்கீழே வரும் அடுக்கு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க வீடுகளில் பலகை மேல் தார்த்தாள் விரித்து, கம்பிவலை பரப்பி, ஓர் அங்குலத்துக்கும் மேல் கனமாகச் சிமெண்டுக் கலவை போட்டு அதில் டைல் பதித்தார்கள். அந்தக் கலவைத் தட்டு மரத்தோடு ஒட்டாமல் தனியே மிதந்ததால், மரத்தின் அசைவு டைலுக்கு ஏறவில்லை. அந்தக் காலத் தரைகள் பல இன்றும் உடையாமல் இருக்கின்றன. 1950களில் ஹென்றி ராத்பெர்க் லேடெக்ஸ் கலந்த மெல்லிய ஒட்டுக்கலவையை உருவாக்கி, 1956இல் லாட்டிகிரீட் நிறுவனத்தைத் தொடங்கினார். கனமான கலவைத் தட்டின் தேவை அதோடு குறையத் தொடங்கியது. எடையும் உயரமும் மிச்சம்; ஆனால் கனமான தட்டு செய்துவந்த காவல் வேலையை வேறெதாவது செய்தாக வேண்டும். அதற்கு இன்று இரண்டு பொருள்கள் பெருவழக்கு.

ஒன்று சிமெண்ட் போர்டு. கால் அங்குலம் அல்லது அரை அங்குலக் கனத்தில் வரும். இதைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. தளத்துக்கு இது வலுவூட்டும் என்பது ஒன்று. உண்மையில் விறைப்பை இது அநேகமாகக் கூட்டுவதில்லை. நீரைத் தடுக்கும் என்பது மற்றொன்று; நீரால் இது கெடாது, ஆனால் நீர் இதன் வழியே ஊடுருவிக் கீழே மரத்துக்குப் போய்விடும். டைல் நன்றாகப் பற்றிக்கொள்ளும் நிலையான பரப்பைத் தருவதே இதன் வேலை. போடும்போது பல்கரண்டியால் அடியில் ஒட்டுக்கலவையைப் பரப்பி, அது ஈரமாக இருக்கையிலேயே போர்டை அழுத்தி, எட்டங்குலத்துக்கு ஒன்றாகத் திருகாணி போட வேண்டும். கலவையை விட்டுவிட்டு வெறுமனே திருகினால் அடியில் காற்றுப்பைகள் நிற்கும். கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ஏறி இறங்கும். இந்தக் கலவை ஒட்டுவதற்காக அல்ல, இடைவெளியை நிரப்புவதற்காக. மூட்டுகளில் அரைக்கால் அங்குலம் விட்டு, சிமெண்டின் காரம் அரிக்காத கண்ணாடியிழைப் பட்டையை ஒட்டுக்கலவையோடு பூச வேண்டும்.

மற்றொன்று பிரிப்புவிரிப்பு. ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டிட்ரா இந்த வகையில் பெயர் பெற்றது. அரைக்கால் அங்குலக் கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பு. மேலே சின்னச் சின்னச் சதுரக் குழிகள், அடியில் பஞ்சுபோன்ற நார்த்துணி. குழிகளின் வாய் உள்பக்கத்தைவிடக் குறுகலாக இருப்பதால், அதில் நிரம்பி இறுகிய கலவை மேலே கழன்று வராது. அடியில் நார்த்துணி பலகையில் பூசிய கலவையைப் பற்றிக்கொள்ளும். மரம் பக்கவாட்டில் சற்றே நகரும்போது நடுவிலுள்ள பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும். டைல் இருந்த இடத்தில் இருக்கும். பழைய கலவைத் தட்டு செய்த வேலையை இது 3 மி.மீ.யில் செய்கிறது. பக்கவாட்டு அசைவுக்குத்தான் இது மருந்து. மேலும் கீழுமான தொய்வுக்கு அல்ல. தொய்யும் தளத்தில் இதை விரித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. விரிப்பை ஒட்டிய சில நிமிடங்களில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்: நார்த்துணி முழுக்கக் கலவை ஏறியிருக்க வேண்டும். பல்கரண்டியின் கோடுகள் அப்படியே நிற்கக் கண்டால், அழுத்தம் போதவில்லை அல்லது கலவை இறுகிவிட்டது என்று பொருள். குளியலறைத் தரையை அதிகம் உயர்த்த முடியாத இடங்களில் இவ்விரண்டில் விரிப்பே பல வேளைகளில் பொருத்தம்.

நீர்த்தடுப்பில் நாட்டுக்கு நாடு நடைமுறை வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் மரத்தளமுள்ள குளியலறையின் தரை முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு பெற வேண்டுமென்பது விதி. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாகக் குளிக்கும் பகுதிக்குள் மட்டுமே கட்டாயம். தொட்டிக்கு வெளியே தரை ஈரமாகாது என்ற எண்ணத்தில் அந்த வீடுகள் கட்டப்படுகின்றன. தரையில் வடிகால் கிடையாது, சரிவும் கிடையாது. வாளியில் தண்ணீர் பிடித்துக் கப்பில் அள்ளி ஊற்றிக் குளிக்கும் வழக்கமுள்ள, தரையைக் கழுவிவிடும் வழக்கமுள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு போதாது. தொட்டிக்கு வெளியே ஊற்றிய தண்ணீர் சுவரோர இடுக்கில் இறங்கி, கீழறையின் கூரையில் பழுப்புக் கறையாக வெளிப்படும். அப்படிப்பட்ட குடும்பங்கள் ஆஸ்திரேலிய விதியைத் தாமாகவே பின்பற்றுவது அறிவுடைமை. விரிப்பின் மூட்டுகளிலும் சுவரோரத்திலும் நீர்த்தடுப்புப் பட்டையை ஒட்டலாம். அல்லது சிமெண்ட் போர்டின் மேல் திரவ நீர்த்தடுப்பை இரண்டு பூச்சு பூசி, சுவரிலும் சில அங்குலம் ஏற்றலாம். ஊரில் உள்ளதுபோல் முழுத்தரையிலும் குளிக்க வேண்டுமென்றால் வடிகால் வைத்து, அதை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் என்ற சரிவு கொடுத்து, பதிக்கும் முன் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். அது பொறியாளரையும் உள்ளூராட்சி அனுமதியையும் கேட்கும் தனி வேலை.

டைல் ஏறினால் தரை உயரும். சிமெண்ட் போர்டு, கலவை, டைல் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் அங்குலம் வரும். கம்மோடுக்குழாயின் வளையம் முடிந்த தரையின் மேல் உட்கார வேண்டும். தாழ்ந்துபோனால் மேலே இன்னொரு வளையத்தைச் சேர்த்து உயர்த்த வேண்டும். பழைய மெழுகு வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கதவின் அடியை அறுக்க வேண்டுமா, வாசலில் பக்கத்து அறைத் தரையோடு எப்படிச் சேர்ப்பது என்பதையும் இப்போதே அளந்துவிடலாம்.

ஒட்டும் பொருளைப் பொறுத்தவரை, வாளியில் கலந்தே விற்கும் பசை தரைக்கு ஆகாது. பெரிய டைலின் அடியில் அது காய நாளாகும், ஈரத்தில் இளகும். பிளைவுட்டின் மேல் நேராக எதை ஒட்டினாலும் பாலிமர் கலந்த, நெகிழும் சிமெண்டுப் பசையே வேண்டும். ஐரோப்பியப் பைகளில் இதற்கு சி2, எஸ்1 என்ற குறியீடு இருக்கும். பிரிட்டனில் சிலர் பலகையில் மரவேலைக்கான வெள்ளைப் பசையை நீரில் கரைத்துப் பூசிவிட்டுத் தொடங்குகிறார்கள்; ஈரம் பட்டால் அது மறுபடி இளகிவிடுமாதலால் டைல் பசை தயாரிப்பாளர்கள் வேண்டாமென்கிறார்கள். ஈரமாகும் இடங்களில் டைலின் அடிப்பரப்பில் 95 விழுக்காடு பசையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கத் தரம்.

சுவரோரம் முழுதும் கால் அங்குல இடைவெளி விட்டே டைல் வரிசை முடிய வேண்டும். தொட்டியின் ஓரத்திலும் அப்படியே. அந்த இடைவெளியில் கிரவுட்டோ கலவையோ போகக் கூடாது, சிலிக்கான்தான் போக வேண்டும். சுவரடிப் பட்டை அதை மறைத்துக்கொள்ளும். தூசு முழுவதையும் உறிஞ்சியெடுத்து, அறையின் நடுக்கோட்டைச் சுண்ணாம்பு நூலால் அடித்து, டைல்களைப் பசையின்றி ஒருமுறை பரப்பி வாசலில் எவ்வளவு வெட்டு வருகிறது என்று பார்த்துவிட்டால், முதல் டைலுக்குப் பசை குழைக்கலாம்.